கல் என்றால் எந்த நாள்

போர்ட் பிளேரில் குடியிருக்கிற யாரும் ஊர் சுற்றிப் பார்க்கப் போவதில்லை. அது தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு மெயின்லேண்டிலிருந்து வருகிறவர்கள் செய்கிற வேலை. நாங்கள் கடலை எட்டிப் பார்ப்பது கப்பல் வந்துவிட்டதா, வெங்காயம் இறங்கிவிட்டதா என்று தெரிந்துகொள்ளத்தான். கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் என் வீட்டுக்காரர் என்னை உல்லாசமாகக் கூட்டிப்போன இடம் எது என்று கேட்டால் சாத்தம் பாலத்தைத்தான் சொல்ல வேண்டும். அங்கேயும் அவருக்கு யாரோ ஒரு ஆளைப் பார்க்க வேண்டியிருந்தது. நான் ஸ்கூட்டர் பக்கத்தில் முக்கால் மணி நேரம் நின்று அங்கிருக்கிற மரமில்லில் மரம் அறுக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்படிப்பட்ட மனுஷன் போன புதன்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "நாளைக்குக் காலைல நீல் ஐலண்டு போறோம். ரெண்டு டிக்கெட் எடுத்துட்டேன்" என்றார். நான் அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன்.

"காய்ச்சல்லாம் இல்ல. அந்தப் பாறைப் பாலத்தப் பாக்கணும்னு சொல்லிட்டே இருப்பேல்ல" என்றார்.

சொல்லிக்கொண்டு இருந்ததெல்லாம் கல்யாணமான புதிதில். பிறகு நானே அதை மறந்துவிட்டேன். அவர் ஞாபகம் வைத்திருக்கிறார் என்பதில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை இப்போது நினைத்தால் என்னை நானே ஓங்கி ஒரு அறை விடலாம் போலிருக்கிறது.

அவர் பெயர் சுதாகர். கப்பல்களுக்குக் காய்கறியும் மளிகையும் ஏற்றுகிற காண்ட்ராக்டர். அருப்புக்கோட்டையிலிருந்து இருபத்திரண்டு வயதில் தீவுக்கு வந்தவர். கப்பல் வந்து நிற்கிற ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் அவரைத் தெரியாத ஆள் கிடையாது. நான் வைஜெயந்தி. பிறந்தது நிக்கோபார் பக்கம், கப்பலில் ஒரு நாள் போக வேண்டிய கச்சால் தீவில், ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். சிலோன் தேயிலை மலையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்களை அங்கேதான் கொண்டுவந்து குடிவைத்தார்கள். என் அப்பா அம்மாவும் அதில் அடக்கம். பெங்காலி, தெலுங்கு, மலையாளம் எல்லாப் பிள்ளைகளோடும் விளையாடி வளர்ந்ததால் என் பேச்சில் இந்தி தானாக வந்து விழும். அவருக்கு அது ஆகவே ஆகாது. ஜெட்டியில் பகல் முழுக்க இந்தியில் பேசுவார். வீட்டு வாசலில் செருப்போடு சேர்த்து அதையும் கழற்றி விட்டுவிடுவார். நான் "மத்லப்" என்று ஆரம்பித்தால், "அதென்ன மத்லப்பு? அதாவதுன்னு சொல்ல வாய் வலிக்குதா?" என்பார். பதினெட்டு வருடமாக என் தமிழில் அவர் கல் பொறுக்காத நாள் கிடையாது.

இனி வேலை விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். பதினோரு வருடமாக ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். டெம்பரரி. ஏப்ரல் மாதம் கும்பிடு போட்டு அனுப்பிவிடுவார்கள், ஜூன் மாதம் வா என்பார்கள். இந்த வருடம் அரசாங்கத்தில் தமிழ் மீடியம் ஆரம்பப்பள்ளிக்கு ஒரே ஒரு டீச்சர் வேலை வந்தது. இடம் கச்சால். பரீட்சை எழுதினேன். அந்தப் புதனுக்கு முந்தின வாரம் லிஸ்ட் போட்டார்கள். முதல் பெயர் என்னுடையது. வெயிட்டிங் லிஸ்டில் முதலாவதாக நீலாவதி. என்னோடு அதே பள்ளியில் வேலை பார்க்கிற பெண், என்னைவிடப் பத்து வயது இளையவள். அவளுக்கு இன்னும் பத்து பரீட்சை வரும். எனக்கு வயது வரம்பு இந்த வருடத்தோடு முடிகிறது. இது போனால் ஆயுளுக்கும் டெம்பரரிதான்.

சர்டிஃபிகேட்டுகளைச் சரிபார்க்கிற தேதியைப் போனில் சொல்வார்கள் என்றிருந்தது. விண்ணப்பத்தில் கொடுத்திருந்தது என் வீட்டுக்காரருடைய நம்பர். மரைன் ஹில்லில் எங்கள் வீட்டுக்குள் என் போனுக்கு சிக்னல் வராது. மொட்டை மாடிக்குப் போனால்தான் உயிர் வரும். அதனால் ஒன்பது நாளாக அவர் போன் அடிக்கும்போதெல்லாம் நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். லிஸ்ட் வந்த அன்று, "கச்சாலுக்கா? மூணு வருஷம் அங்கயே இருக்கணுமா?" என்று மட்டும் கேட்டார். இரண்டு தோசையோடு எழுந்துவிட்டார். எங்கள் ஒரே மகன் அருண்பிரசாத் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருக்கிறான். நானும் போனால் அவர் தனி ஆள்தான். அது எனக்குத் தெரியாமல் இல்லை. பேசிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன்.

வியாழக்கிழமை காலை ஆறரை மணி போட்டில் கிளம்பினோம். துறைமுக வாயைத் தாண்டிக் கடல் கொஞ்சம் ஆட ஆரம்பித்தபோது, அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி சொன்னார்: "சொல்ல விட்டுப்போச்சு. ஆபீஸ்ல இருந்து போன் வந்துச்சு. வெரிஃபிகேஷன் கல் ஹைன்னு சொன்னாங்க."

கல் ஹை. நாளைக்கு இருக்கிறது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"கல்லா? பக்காவா?"

"பக்கா."

"ஏங்க, இத மொதல்லயே சொல்லக் கூடாதா? பேப்பரெல்லாம் எடுத்து வைக்கணும், நான் வந்தே இருக்க மாட்டேனே."

"அதான் சொல்லல. எல்லாம் ஃபைல்ல அடுக்கித்தான வச்சிருக்க. இன்னைக்கு ஒரு நாள் நமக்குன்னு இருக்கட்டும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. சொல்லத் தெரியாத மனுஷன், போய் வா என்பதை இப்படிச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் தோளில் சாய்ந்துகொண்டேன். பக்கத்தில் நின்ற புதுமணத் தம்பதி எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

நீல் தீவில் இறங்கியதும் ஆட்டோ பிடித்து லட்சுமண்பூர் கடற்கரைக்குப் போனோம். கடல் வடிந்திருக்கும்போதுதான் அங்கே பாறைமேல் நடக்க முடியும். வடிகிற நேரத்தையெல்லாம் விசாரித்து வைத்திருந்தார். மணல் கொஞ்ச தூரம்தான், அப்புறம் முழுக்கப் பாறை. கறுப்பும் பழுப்புமாக, செருப்பைக் கிழிக்கிற மாதிரி முள்முள்ளாக இருந்தது. நடுநடுவே குழிகளில் தண்ணீர் தேங்கியிருந்தது. ஒரு குழியில் நீல நிறத்தில் நட்சத்திர மீன் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. இன்னொன்றில் விரல் தடிமனுக்கு ஏதோ ஒன்று நெளிந்தது. வழுக்குகிற இடத்திலெல்லாம் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணப் பந்தலில் பிடித்ததற்குப் பிறகு நாலு பேர் பார்க்க அவர் என் கையைப் பிடித்தது அன்றுதான்.

பாறைப் பாலத்தை அங்கே எல்லோரும் ஹௌரா பிரிட்ஜ் என்கிறார்கள். பெங்காலிகள் வைத்த பெயர். இரண்டு பாறைகள் மேலே போய் ஒன்றாகச் சேர்ந்து, நடுவில் ஒரு பெரிய வாசல். அதன் வழியே அந்தப் பக்கத்துக் கடல் தெரிகிறது. அவர் ஒரு ஓலைத் தொப்பி வாங்கி என் தலையில் வைத்து, வாசலுக்குக் கீழே நிற்கச் சொல்லி, என் போனில் படம் எடுத்தார். "கொஞ்சம் சிரி. டீச்சரம்மா மாதிரி மொறைக்காத" என்றார். நான் சிரித்தேன். அந்தப் படத்தை இன்னும் நான் அழிக்கவில்லை. எவ்வளவு நன்றாகச் சிரித்திருக்கிறேன் என்று அவ்வப்போது எடுத்துப் பார்த்து வயிறு எரிந்துகொள்கிறேன்.

பாலத்துக்கு அப்பால் ஒரு திட்டு. கூட்டம் அங்கே வருவதில்லை. போய் உட்கார்ந்து எலுமிச்சை ஜூஸ் குடித்தோம். நான் நாளைக்கு என்ன புடவை கட்டுவது என்பதுவரை பேசிக்கொண்டே இருந்தேன். அவர் ம் கொட்டிக்கொண்டிருந்தார். அப்போதுதான் என் கைப்பையில் போன் உறுமியது. காலையிலிருந்து சிக்னல் செத்துக் கிடந்த போனுக்கு அந்தத் திட்டின்மேல் எப்படியோ உயிர் வந்து, தவறிய அழைப்புகள் என்று வரிசையாக மெசேஜ் வந்து விழுந்தது. ஏழு அழைப்பு. ஏழும் நீலாவதி. மணி பதினொன்று பத்து.

"போட்டோவெல்லாம் போயிரும், அத எடுக்காத இப்ப" என்றார் அவர். போன் எடுத்தால் போட்டோ எப்படிப் போகும் என்று நான் கேட்கவில்லை. நீலாவதியைக் கூப்பிட்டேன்.

"அக்கா, எங்கக்கா இருக்கீங்க? வெரிஃபிகேஷன் இன்னைக்குத்தான்..." குரல் விட்டு விட்டு வந்தது. "நாலு மணி வரைக்கும்தானாம்... நான் இன்னும் கையெழுத்துப் போடல... வாங்கக்கா சீக்கிரம்..." அதோடு அறுந்துவிட்டது. திரும்பத் திரும்பப் போட்டேன், கிடைக்கவில்லை.

"இன்னைக்காம்" என்றேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "இன்னைக்கா? போன்ல பேசுன அம்மா கல்னுதான் சொன்னாங்க."

நான் நம்பினேன். உண்மையாகவே நம்பினேன். ஆபீஸில் தேதியை மாற்றிவிட்டார்கள், அல்லது நீலாவதி குழப்பிக்கொண்டாள் என்றுதான் நினைத்தேன். தொப்பி பறந்ததைக்கூடப் பார்க்காமல் பாறைமேல் ஓட ஆரம்பித்தேன். கால் வழுக்கி முழங்காலில் கிழித்துக்கொண்டேன். அவர் பின்னால் நடந்து வந்தார். ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தார். அதையும் அப்போது நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

எங்கள் திரும்பும் டிக்கெட் சாயங்காலம் நாலரை மணி போட்டுக்கு. அதில் போனால் வீடு சேரும்போது ஆபீஸில் விளக்கணைத்துவிடுவார்கள். பன்னிரண்டு மணிக்கு ஒரு போட் இருந்தது. ஜெட்டியில் ஆட்டோவை விட்டு இறங்கியதும் அவர் கவுண்டர் பக்கம் போய், எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஃபுல்லாம்" என்றார்.

"யாரைக் கேட்டீங்க?"

"கேட்டேன். சீட்டு இல்லைன்னுட்டாங்க. விடு, நாளைக்கு நானே வந்து ஆபீஸர்கிட்டப் பேசுறேன்."

அவர் உதடு அசைந்ததை நான் பார்க்கவில்லை. அவ்வளவு சீக்கிரமாக யாரும் யாரையும் கேட்க முடியாது. நான் போய், தீவுக்காரர்களுக்குக் கொடுக்கிற ஐலண்டர் கார்டை நீட்டி, "பாரா பஜே வாலா போட், சீட் ஹை?" என்று பன்னிரண்டு மணி போட்டில் இடம் கேட்டேன். உள்ளே இருந்தவர் தலையைத் தூக்காமலே எத்தனை என்று கேட்டார். இரண்டு என்றேன். என் வீட்டுக்காரர் ஃபுல் என்ற போட்டில் இரண்டு டிக்கெட் கிடைத்தது. இரண்டாவதை எதற்கு எடுத்தேன் என்று கேட்டால், பதினெட்டு வருடப் பழக்கம் என்பதைத் தவிர வேறு பதில் இல்லை.

போட் முக்கால் மணி நேரம் தாமதமாகக் கிளம்பியது, அப்போதும் பாதி இருக்கை காலி. ஜன்னலோரம் உட்கார்ந்து, முழங்கால் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே யோசித்தேன். யோசிக்க எனக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. பத்து நிமிடமே போதுமானதாக இருந்தது.

"போன் எப்ப வந்துச்சு?" என்று கேட்டேன்.

"எந்தப் போனு?"

"ஆபீஸ் போன். இன்னைக்குக் காலைல ஆறரை மணிக்கு போட்ல வச்சு சொன்னீங்க. அந்நேரத்துக்கு எந்த ஆபீஸ் தெறந்திருக்கும்?"

அவர் வெளியே பார்த்தார். "நேத்து வந்துச்சு."

"நேத்து பேசுனவங்க கல்னு சொன்னா அது இன்னைக்கு."

"எனக்கென்ன தெரியும்? அந்தம்மா என்ன சொன்னாங்களோ அத அப்படியே சொன்னேன். கல்னாங்க, கல்னேன்."

இந்தியில் கல் என்றால் நாளைக்கும் அதுதான், நேற்றும் அதுதான். பேசுகிற நாளை வைத்துத்தான் எந்த நாள் என்று தெரியும். புதன்கிழமை சொன்ன கல் வியாழக்கிழமை. அதே கல்லை ஒரு நாள் பையில் வைத்திருந்து வியாழக்கிழமை எடுத்துக் கொடுத்தால் அது வெள்ளிக்கிழமை ஆகிவிடும். ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை. தீவில் எல்லோரும் எப்போதாவது இந்தச் சொல்லில் தடுக்கி விழுந்திருக்கிறோம். நானே ஒரு தடவை ஒரு நாள் முந்தி ஆஸ்பத்திரிக்குப் போய் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அவர் தடுக்கி விழவில்லை.

"நேத்து சாயங்காலம் நீல் போறோம்னு எப்படிச் சொன்னீங்க?" என்றேன்.

"எப்படின்னா?"

"'நாளைக்கு'ன்னு சொன்னீங்க. சுத்தமான அருப்புக்கோட்டைத் தமிழ்ல சொன்னீங்க. என்கிட்ட நீங்க இந்தியில ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதே இல்ல. இதுக்கு மட்டும் எப்படி கல் வந்துச்சு?"

நாளைக்கு என்று தமிழில் சொல்லியிருந்தால் அது பொய். பின்னால் யாராவது கேட்டால் தப்பிக்க முடியாது. அதனால் வாசலோடு நிறுத்தி வைத்திருந்த இந்தியை இந்த ஒரு சொல்லுக்காக உள்ளே கூப்பிட்டிருக்கிறார். வாய் தவறி வந்த பொய்யாக இருந்தால் மன்னித்துவிடலாம். இது முதல் நாளே இஸ்திரி போட்டு மடித்து வைத்த பொய். அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு என் கையைப் பிடித்து நடந்திருக்கிறார், தொப்பி வாங்கிக் கொடுத்திருக்கிறார், சிரி என்றிருக்கிறார்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் அழ ஆரம்பித்தார். அவர் அழுது நான் பார்த்தது அவர் அம்மா இறந்தபோதுதான்.

"பயமா இருந்துச்சு வைஜெயந்தி. நீ போயிட்டா வீட்ல பேச ஒரு நாதி இல்ல. மூணு வருஷம்பாங்க, அப்புறம் அங்கயே இருன்னுருவாங்க. நேத்து போன் வந்ததும் சொல்லணும்னுதான் நெனச்சேன். வாய் வரல. ஒரு நாள் சொல்லாம இருந்துட்டேன். நான் செஞ்சது அவ்வளவுதான், வேற ஒண்ணும் இல்ல. அருண் மேல சத்தியமா."

மகன் மேல் சத்தியம் என்றதும் எனக்கு ஏதோ இளகிவிட்டது. தனியாகக் கிடக்கிற பயம் எனக்கும் தெரியும். அவர் ஜெட்டியே கதி என்று கிடந்த வருடங்களில் அந்த வீட்டில் நான் சுவரோடு பேசியிருக்கிறேன். கோபம் போகவில்லை. ஆனால் கோபத்துக்கு அடியில், இவரையும் கச்சாலுக்குக் கூட்டிப்போனால் என்ன, அங்கேயும் கடைகளுக்குச் சரக்கு வேண்டும்தானே என்று ஒரு யோசனை ஓட ஆரம்பித்திருந்தது. "அழாதீங்க, எல்லாரும் பாக்குறாங்க" என்றேன். என் புடவைத் தலைப்பைக் கொடுத்தேன். வாங்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஜெட்டியில் விட்டிருந்த ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மரைன் ஹில் ஏறி, பீரோவிலிருந்து ஃபைலை எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போனபோது மணி மூன்று இருபத்தைந்து. அவர் கீழே ஸ்கூட்டரை நிறுத்துவதற்குள் நான் மாடிப்படி ஏறிவிட்டேன். நடையில் பெஞ்சில் நீலாவதி மடியில் ஃபைலோடு உட்கார்ந்திருந்தாள். பம்பூஃப்ளாட்டிலிருந்து ஃபெர்ரி பிடித்து வந்தவள். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வந்துட்டீங்களாக்கா" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன்னையும் எதுக்குக் கூப்பிட்டாங்க?" என்று கேட்டேன்.

"காலைல ஒன்பது மணிக்குப் போன் வந்துச்சுக்கா. நீங்க வேணாம்னுட்டீங்களாம், அதனால அடுத்து நான்தானாம். நீங்களாவது வேணாம்னு சொல்றதாவது. எனக்கு நம்பிக்கை வரல. அதான் கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன். கேட்டுட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்னு மேடம்கிட்ட சொல்லிட்டேன்."

நான் வராமல் போனால் அந்த வேலை அவளுக்கு. அவள் ஏழு தடவை கூப்பிட்டிருக்கிறாள். காலையிலிருந்து கையெழுத்துப் போடாமல் உட்கார்ந்திருக்கிறாள். அது மனதில் ஏறவே எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதற்குள் அந்த இன்னொரு வார்த்தை போய்க் குத்திவிட்டது. வேண்டாம் என்று நான் எப்போது சொன்னேன்?

உள்ளே மேஜையில் ஒரு பெங்காலி அம்மா இருந்தார். தமிழ் தெரியாதவர். என் பெயரைச் சொன்னதும் கண்ணாடியைக் கீழே இறக்கிப் பார்த்தார். "நீங்கள்தான் விருப்பமில்லை என்று சொல்லிவிட்டீர்களே" என்று இந்தியில் கேட்டார். ரிஜிஸ்டரைத் திருப்பிக் காட்டினார். என் பெயருக்கு நேரே 'நாட் வில்லிங்' என்று எழுதி, பக்கத்தில் புதன்கிழமை தேதியும், பதினொன்று நாற்பது என்று நேரமும், கணவர், போனில் என்றும் போட்டிருந்தது.

"நான்தான் பேசினேன்" என்றார் அந்த அம்மா. "உங்களிடம் கொடுக்கச் சொன்னேன். பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள் மேடம், அழுதுகொண்டிருக்கிறாள், பேச முடியவில்லை என்றார். வீட்டை விட்டுப் போக அவளுக்கு மனசில்லை, அவளே சொல்லச் சொன்னாள் என்றார். ரொம்ப மரியாதையாகப் பேசினார். எனக்கே பாவமாக இருந்தது."

புதன்கிழமை பதினொன்று நாற்பதுக்கு நான் அபர்டீன் பஜாரில் ஜெராக்ஸ் கடையில் நின்றுகொண்டிருந்தேன். எல்லா சர்டிஃபிகேட்டிலும் இரண்டு இரண்டு காப்பி எடுத்தேன். பக்கத்தில் அழுதுகொண்டிருந்தவள் யார் என்று எனக்குத் தெரியாது. என் குரலை எடுத்து, நான் சொல்லாததைச் சொல்லி, எனக்குக் கண்ணீரும் வைத்து, என்னை ஒரு ரிஜிஸ்டரில் முடித்துவிட்டிருக்கிறார். அதற்குப் பிறகுதான் டிக்கெட் எடுத்திருக்கிறார். பாதியை மட்டும் ஒப்புக்கொண்டு, மீதிக்கு மகன் மேல் சத்தியம் செய்திருக்கிறார். அந்தப் பாதிக்கு நான் தலைப்பைக் கொடுத்திருக்கிறேன்.

"அது நான் சொன்னதில்லை மேடம்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன்.

அந்த அம்மா என் முழங்காலைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். நேரம் இன்னும் இருக்கிறது, நேரில் வந்திருக்கிறீர்கள், கையால் எழுதிக் கொடுங்கள் என்று வெள்ளைத்தாளைத் தள்ளினார். எழுதினேன். போனில் சொன்னதை அடித்துவிட்டு என் கடிதத்தை ஒட்டினார். ஒவ்வொரு சர்டிஃபிகேட்டாக எடுத்து டிக் அடித்தார். வாசலில் நீலாவதி தன் ஃபைலை மூடிக் கட்டுவது தெரிந்தது. "நான் வர்றேன்க்கா, ஃபெர்ரிக்கு நேரமாச்சு" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது, இருந்தாலும் சிரித்தாள். என்னால் கையை மட்டும்தான் தூக்க முடிந்தது.

கடைசியாக அந்த அம்மா ஒரு படிவம் எடுத்தார். நிக்கோபார் பக்கத்துத் தீவுகளுக்குப் பாஸ் இல்லாமல் போக முடியாது. வேலைக்குப் போகிறவருக்கும் கூட வருகிற குடும்பத்துக்கும் சேர்த்து இப்போதே எழுதிவிடலாம், பின்னால் சேர்ப்பது பெரிய அலைச்சல் என்றார். அவரே பேனா எடுத்து என்னிடம் கேட்டுக் கேட்டு நிரப்பினார். அந்த நேரத்தில் என் வீட்டுக்காரர் உள்ளே வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். ரிஜிஸ்டர் விரித்தபடியே கிடந்தது. அதைப் பார்த்தார். எனக்குத் தெரிந்துவிட்டது என்பது அவருக்கும் தெரிந்துவிட்டது.

"உடன் வருபவர்?" என்று அந்த அம்மா கேட்டார்.

என் வீட்டுக்காரர் என் பக்கம் குனிந்து, தமிழில் மெதுவாகச் சொன்னார்.

"எம் பேரப் போடு வைஜெயந்தி. காண்ட்ராக்ட யார்கிட்டயாச்சும் விட்டுட்டு நானும் வர்றேன். இந்த ஒரு தடவை நம்பு. கூட்டிட்டுப் போ."

அவர் உண்மையாகத்தான் சொன்னார். பதினெட்டு வருடம் கேட்ட குரல், அது கூடத் தெரியாமல் போகாது. நான் சரி என்றால் மறுநாளே மூட்டை கட்டியிருப்பார்.

"என்ன சொல்கிறார்?" என்று அந்த அம்மா என்னைக் கேட்டார்.

"அவருக்கு வர விருப்பமில்லை மேடம்" என்று இந்தியில் சொன்னேன். "பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருக்கிறார். அழுகை வருகிறது, அதனால் பேச முடியவில்லை. என்னையே சொல்லச் சொன்னார்."

அந்த அம்மா அவரைப் பார்த்தார். என் வீட்டுக்காரருக்கு இந்தி நன்றாகவே தெரியும். ஆனாலும் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த அம்மா அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டு, கீழே என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்.